முதல் ஃபோன் யாருக்கு

— மோர்மிளகாய் இருக்கான்னு கேட்டார். தீந்துபோச்சுன்னேன். சரின்னுட்டு ஷூவை மாட்டிக்கிட்டு ஆபீஸ் போயிட்டார். அவ்ளோதான் அண்ணி, உங்க தம்பி என்கிட்ட கடைசியா பேசினது.

— ஏட்டி அலமு, ரயிலுக்கு நேரமாகுதுளா. கார எடு. ஸ்டேஷன் போற வழியில பேசிக்கலாம்.

— நக்கோ, வேண்டாம். ஓட்டிக்கிட்டே இதைப் பேச என்னால ஆகாது. இந்தப் பார்க்கிங்ல நம்ம ரெண்டு பேர்தான் இருக்கோம். வாட்ச்மேனுக்குத் தமிழ் வராது. கேக்கறதைக் கேட்டுடறேன், அப்புறம் கொண்டுபோய் விடறேன்.

— வருசத் தெவசத்துக்கு வந்தவள, ஊருக்குப் போற அன்னைக்கு கார்ல உக்கார வெச்சு விசாரிக்கியாக்கும். சரி, கேளு.

— மாதாப்பூர்ல அவர் ஆபீஸ் பேஸ்மென்ட். ரிவர்ஸ் எடுக்கறப்போ பின்னாடி நின்ன வண்டியில இடிச்சுட்டார். பொண்டாட்டி நான் இதே ஊர்ல, மல்காஜ்கிரியில, ஃபோனைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு இருக்கேன். அவர் திருநெல்வேலிக்குப் போட்டிருக்கார். கைக்கு?

— கைக்கா? கைக்கு என்ன?

— ஏன்னு கேக்கறேன். எங்க சிகந்திராபாத் பேச்சு, வாயில வந்துடுது. ஏன் உங்களுக்குப் போட்டார்?

— இதென்ன கேள்வி? நான் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருக்கேம்லா. எவன் வண்டிய இடிச்சாலும் எனக்குத்தான் போடுவான். எங்க மேனேஜர் மச்சினன் லாரியில சொருவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்ன எனக்குல்லா போட்டான்.

— மேனேஜர் மச்சினன் போடட்டும். இவரும் அவரும் ஒண்ணா?

— என்ன செய்யணும்னு கேட்டான், சொன்னேன். கார நகத்தாத, இடிபட்ட எடத்தப் போட்டோ புடி, ஒம் பேரும் நம்பரும் எழுதி அந்த வண்டி வைப்பர்ல செருகு, தப்பு எம்பேர்லன்னு மட்டும் எழுதிக் குடுத்துராத, ஆள் வார வரைக்கும் அங்கனயே இரு. யாரு கேட்டாலும் இததான் சொல்லுவேன், பாத்துக்கோ.

— ஒண்ணு விடாம செஞ்சிருக்கார். நான் சிலிண்டரை மூடுங்கன்னு கத்திக்கிட்டே இருக்கணும். நீங்க சொன்னா ஒரு தடவை போதும். அந்த வண்டிக்காரர், கணேஷ்குமார், இறங்கி வந்து பாக்கறப்போ சீட்டு வைப்பர்ல இருக்கு. இவர் ஸ்டியரிங் மேல சாஞ்சு கிடக்கார். நெஞ்சுவலின்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லாம...

— வேண்டாம்ளா.

— கடைசியா எழுதினது கணேஷ்குமாருக்கு. கடைசியா பேசினது உங்களுக்கு. எனக்கு மோர்மிளகாய்.

— ஒன்கூட இத்தன வருசம் இருந்தாம்லா. போறாதா?

— போறாது. வரவங்க எல்லாம் சொல்றாங்க, "அக்காகிட்டதான் கடைசியா பேசினாராமே"ன்னு. நேத்துப் பந்தியில நீங்களே அதைச் சொன்னீங்க. எல்லாரும் உங்க கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் ரசவாளியோட நிக்கறேன், ஒருத்தரும் இலையைக் காட்டலை.

— பொறாமையாட்டி ஒனக்கு?

— ஹவ், ஆமா. பொறாமைதான். தாலி போனவளுக்கு இதுல என்ன பொறாமைன்னு நானே கேட்டுப் பாத்துட்டேன். போகலை.

— நல்லா இருக்கு நாயம். பொறாமப்படணும்னா நான்லா படணும். எங்கம்மை முடியாமக் கெடந்தப்போ இடுப்புல தூக்கிச் சொமந்த பிள்ள அவன். கல்யாணம் ஆன பெறவு போன எடுத்தா "அலமு சொன்னா, அலமு சொன்னா". நல்லெண்ண எங்க வாங்கணும்னும் அலமுதான் சொல்லணும். தீவாளிக்கு நான் எடுத்தனுப்பின சட்டையக்கூட, கலர் நல்லால்லன்னு அலமு சொன்னாளாம்!

— அந்தப் பச்சையா? நான் ஒண்ணுமே சொல்லலை அண்ணி. அவருக்கே புடிக்கலை. என் தலையில போட்டுட்டுத் தப்பிச்சிருக்கார்.

— நெசமாவா? களவாணிப் பய.

— என்கிட்ட, "அக்கா ஆசையா எடுத்தது, நீ அதைத் துவைச்சே வெளுக்க வெச்சுட்ட"ன்னு சண்டை.

— சிரிக்க வைக்காதளா. சிரிச்சா அழுகையும் சேந்துல்லா வருது.

— அப்போ சொல்லுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். ஃபோனை எடுத்ததும் என்ன சொன்னார்? முதல் வார்த்தை. "அக்கா"ன்னா?

— வருசம் ஆயிப்போச்சு. எங்க ஞாவகம் இருக்கு?

— சட்டைக் கலர் இருக்கு. இது இல்லையா?

— ரயிலு போயிரும்ட்டி.

— போகட்டும். நாளைக்கு டிக்கெட் போட்டுத் தரேன். நீங்க ஊருக்குப் போயிட்டா ஃபோன்ல இதைக் கேக்க எனக்கு வாய் வராது. சொல்லுங்க அண்ணி.

— அக்கான்னு சொல்லல.

— பின்னே?

— "அலமு, ஏசாத, புதுக் கார இடிச்சுட்டேன்"னான்.

— என்ன?

— ஒம் பேரத்தான் சொன்னான். "அலமு இல்லலே, அக்கா"ன்னேன். சிரிச்சான். "ஒனக்கா வந்துட்டு? வையி, அவளுக்குப் போடுதேன்"னான்.

— அப்புறம் ஏன் போடலை?

— நான் வைக்க விடலட்டி. எத்தன வருசம் கழிச்சு அவனுக்கு ஒரு கஷ்டம்னு எங்காதுல மொதல்ல விழுது! "அவளுக்கு என்னலே தெரியும், நான் சொல்லுதேன் கேளு"ன்னு புடிச்சுக்கிட்டேன். மூச்சு வாங்குச்சு, பதட்டம்னு நெனச்சேன். நடுவுலயும் கேட்டான், "அலமுட்ட ஒரு வார்த்த சொல்லிருதேங்க்கா"ன்னு. "மொதல்ல போட்டோவப் புடிலே"ன்னேன். எங்கிட்டதான் கடைசியாப் பேசினான்னு ஊரெல்லாம் சொன்னேன். யாருட்டப் பேச வந்தான்னு சொல்லல... அலமு? ஏசிரு. கார விட்டு எறங்குன்னு சொல்லு, எறங்கிருதேன்.

— அவர் ஃபோன் என்கிட்டதான் இருக்கு அண்ணி. நம்பர் லிஸ்ட்ல அக்காவுக்கு நேர் கீழே அலமு, விரல் ஒரு வரி மேல பட்டிருக்கு. நான் எதையும் மாத்தலை.