மஞ்ச வண்டிக்கு இன்னா கோளாறு

இல்ல மேஸ்திரி, நானே ஓட்றேன். நீங்க இப்பிடி பக்கத்து சீட்டுல குந்திக்கினு காதக் குடுத்துக் கேளுங்க, போதும். பதனாலு வருசத்து வண்டி, என் கைக்குப் பழகனது. வேற ஆளு ஏறுனா மொரண்டு பண்ணும். திண்டிவனத்துல மூணு மெக்கானிக்கு பாத்தாங்க. ஒருத்தருக்கும் நா ஓட்டக் குடுக்கலியே.

தோ, செகண்டுலேர்ந்து தேர்டு போட்டேனா... இப்ப மிதிக்கறேன்... பாத்தீங்களா? திணறுது. கொஞ்ச நேரம் யோசன பண்ணிட்டு, அப்பறம் பின்னாடிலேர்ந்து யாரோ ஒதைச்ச மாரி பாயுது. கம்பியப் புடிச்சிக்கங்க. நமக்கே இப்பிடின்னா எல்கேஜி புள்ளைங்க இன்னா ஆவும், சொல்லுங்க. டிபன் பாக்சு ஒரு பக்கம் போவுது, புள்ள ஒரு பக்கம் போவுது. கிருஷ்ணவேணிதான் பாவம், ரெண்டு கையால நாலு புள்ளைங்களப் புடிச்சிக்கினு வருவா. என் பொஞ்சாதிங்க. வண்டியில ஆயா வேலையும் அவதான்.

சீரியசாத்தான் சொல்றேன் மேஸ்திரி. திங்கக்கெழம இஸ்கூலு மேனேஜரே வண்டியில ஏறி வரப்போறாராம். இப்பிடியே குதிச்சா ரூட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னுட்டாரு. பதினெட்டு புள்ளைங்க. எந்தப் புள்ள எந்தத் தெருவுல அழும், எது ஜன்னல்ல கைய நீட்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. இன்னிக்கி சனி. உங்களுக்கு ஒண்ணர நாளு இருக்குது. உங்க பேரக் கேட்டுதான் விழுப்புரம் வரிக்கும் ஓட்டிக்கினு வந்தேன்.

அந்தத் திண்டிவனம் மெக்கானிக்குங்களா? மொத ஆளு டீசல் பில்டர மாத்தனாரு. ரெண்டாவது ஆளு ஆக்சிலேட்டர் கேபிள மாத்தனாரு. அடுத்த வாரமே நா போயி, யோவ், இது டூப்ளிகேட்டு, வேற போடுன்னு சண்ட போட்டு இன்னொரு கேபிளு போட வெச்சேன். மூணாவது ஆளு அலைன்மென்ட்டு எல்லாம் பாத்துட்டு, தொரைக்கண்ணு, உன் வண்டி தங்கம்னாரு. தங்கம்னா எதுக்குய்யா வளைவுல ரோட்ட உட்டு அகலமா போவுதுன்னு கேட்டேன். தலைய சொறியறாரு.

இந்த வண்டி நெனப்புல நா பட்ட பேஜாரு இருக்குதே, சொன்னா சிரிப்பீங்க. போன வாரம் விக்கிரவாண்டியில டீ குடிக்க எறங்கனேன். கடையில இருக்கறவனெல்லாம் என்னப் பாத்து சிரிக்கறான். இன்னாடான்னு பாத்தா எனக்கு ஒத்தக் கால்லதான் செருப்பு. இன்னொண்ணு ரோட்டுக்கு அந்தாண்ட கெடக்குது. அது கழண்டதும் தெரில, வெயில்ல வெறுங்கால்ல நடந்து வந்ததும் தெரில. அவ்ளோ யோசன. அன்னிலேர்ந்து செருப்பே வாணான்னு உட்டுட்டேன்.

இன்னா கீழயே பாத்துக்கினு வர்றீங்க? பெடலா? ரப்பரு புதுசு, போன மாசம்தான் மாத்தனேன்.

முன்னாடி மல்லாட்டை மூட்டை ஏத்திக்கினு டிராக்டர் போவுது பாருங்க. இத ஓவர்டேக் பண்ணிக் காட்டறேன், அப்பதான் உங்களுக்குப் புரியும். ஆரன் அடிச்சாச்சி... மிதிக்கறேன்... வா, வா... ஐயய்யோ! சரி, சரி, பின்னாடியே போவலாம். இன்னாத்துக்கு ஸ்டீரிங்கப் புடிக்கறீங்க? நா பாத்துக்கினுதான இருக்கறேன்.

ஓரங்கட்டணுமா? நீங்க ஓட்டணுமா? அதான் சொன்னேனே, மொரண்டு பண்ணும்னு. கோச்சிக்காதீங்க, தோ எறங்கறேன். வந்து குந்துங்க. அப்பறம் என்னச் சொல்லக் கூடாது.

ம். தேர்டு... போர்த்து... டிராக்டரத் தாண்டிட்டீங்க. இருங்க, இந்த மேம்பாலம் ஏறச்சொல்ல கண்டிப்பா திணறும், பாருங்க. இப்ப பாருங்க.

ஏறிடிச்சி.

உங்களுக்கு பயந்துக்கினு போவுது மேஸ்திரி. வாத்தியாரு வந்தா பசங்க கையக் கட்டிக்கினு குந்துவானுங்க இல்ல, அந்த மாரி.

இன்னா, காலத் தூக்கிட்டீங்க? சுடுதா? எங்க? பெடலுக்குக் கீழ இருக்கற தகடா? அடியில ஒட்டன ஷீட்டு கிழிஞ்சி இஞ்சின் சூடு ஏறுதா? அட, அதுமேலதாங்க நா அஞ்சி மாசமா குதிகால வெச்சிக்கினு ஓட்றேன். சுடலியே.

குதிகாலா, காட்டறேனே. ஆமா, கொப்பளம் ஒடஞ்சி தோலு உரிஞ்சிருக்குது. கிருஷ்ணவேணியும் கேட்டா. செருப்பு கடிச்சிடிச்சி, அதான் போடறதில்லன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

சுகரு இருக்குதுங்க, எட்டு வருசமா. மாத்தர போடறேன். நெனப்பு வர்ற அன்னிக்கி.

நீங்க ஓட்டுங்க, நிறுத்தாதீங்க. நல்லாதான் போவுது.

உங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா. புதங்கெழம சாய்ந்தரம் புள்ளைங்கள ஏத்திக்கினு வர்றேன், ஏரிக்கர வளைவுல ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க ஓடிச்சி. பிரேக்க மிதிச்சேன். வண்டி நிக்கல, இன்னும் வேகமா பாயுது. குனிஞ்சி பாத்தாதான் தெரிது, காலு ஆக்சிலேட்டரு மேல இருக்குது. கண்ணால பாத்துதான் மேஸ்திரி கால எடுத்து இந்தாண்ட வெச்சேன். ஆட்டுக்குட்டி பொழச்சிக்கிச்சி. புள்ளைங்கல்லாம் கையத் தட்டுதுங்க, மாமா இன்னொரு வாட்டி, மாமா இன்னொரு வாட்டின்னு. கிருஷ்ணவேணி வண்டியத் திட்டனா, ஓட்ட வண்டி, இதுல புள்ளைங்கள ஏத்தறோமேன்னு. நானும் கூட சேந்து திட்டனேன்.

வண்டி உங்க ஷெட்டுலயே நிக்கட்டும். மேனேஜருக்கு நா போன் பண்ணிக்கிறேன், வேற ஆளப் பாத்துக்கட்டும். இந்த ஒரு ஒத்தாச மட்டும் பண்ணுங்க. எதனா ஒரு சாமான் பேரு சொல்லுங்க, இஞ்சின்ல போயிடிச்சின்னு. விழுப்புரம், திண்டிவனம் எங்க தேடனாலும் கெடைக்காத சாமானா பாத்து சொல்லுங்க. ஊட்டுல போயி அதயே சொல்லிக்கிறேன்.