கல்தோளன் அணையைத் தாங்கியது குறித்து

எனது பெயரும் தகப்பனார் பெயரும் இத்துடன் இணைத்துள்ள அடையாள அட்டை நகலில் கண்டபடி. வயது அறுபத்தெட்டு. கடிகாரக் கடைக்கு மேல் மாடியில் மகள், மருமகனுடன் குடியிருக்கிறேன். படக்கதை எழுதி வரைவது தொழில். 'கல்தோளன்' என்ற மாத இதழை இருபத்தாறு வருடம் நானே எழுதி நானே வரைந்தேன். இதழ் நின்று பதினோரு வருடமாகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நூலக மாடியில் நடந்த வாசகர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அறுபது பேர் இருக்கலாம். என் கதைகளில் வரும் கல்தோளனும் புயல்விழியும் மோதினால் யார் ஜெயிப்பார் என்பதுதான் விவாதம். கல்தோளன் பக்கம் பேசியவர் ஒரு வெல்டிங் தொழிலாளி. நாற்பது வயது மதிக்கலாம். இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். புயல்விழி பக்கம் பேசியவர் மருந்துக் கடை வைத்திருப்பவர். இருவரும் பல வருட நண்பர்கள் என்பது பிறகு தெரிந்தது. மருந்துக் கடைக்காரர், யார் எவ்வளவு எடை தூக்கினார், என்ன வேகத்தில் போனார் என்று இதழ் வாரியாக அட்டவணை போட்டுக் கொண்டுவந்திருந்தார். வெல்டிங்காரர் கையில் நூற்றுப் பன்னிரண்டாம் இதழ் மட்டும் இருந்தது.

"கணக்கெல்லாம் இருக்கட்டும். உடையிற அணையை ஆயிரம் எண்ணுற வரைக்கும் தோள்ல தாங்கினவர் எங்க ஆளு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று அவர் கேட்டார். அதற்கு மருந்துக் கடைக்காரர், "எழுதினவரே இங்க உக்காந்திருக்காரு. அவர் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோச்சு" என்றார்.

அதன் பிறகு மேடையில் உட்கார்ந்திருந்த என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். எனக்கு முதுகு வலி. அந்த இதழில் என்ன எழுதினேன் என்பது சுத்தமாக ஞாபகத்தில் இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "அணையாவது தாங்குறதாவது! அது அவன் கண்ட கனவுப்பா" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். வெல்டிங்காரர் சிரிக்கவில்லை. "சார், அது கனவு இல்ல. நீங்க தப்பாச் சொல்றீங்க" என்றார். "பெத்தவரே சொல்லிட்டாரு, நீ யாருய்யா மறுத்துப் பேச?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

அதன் பிறகு வெல்டிங்காரர் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டுவதற்காக மேடைக்கு வந்தார். என்னை அடிக்க வரவில்லை. மருந்துக் கடைக்காரர் இதழைப் பிடித்து இழுத்ததில் அட்டை கிழிந்தது. கிழிந்ததும் வெல்டிங்காரர் அவரைத் தள்ளினார். அவர் மேசை மேல் விழ, மேசை என் மேல் சாய, நான் நாற்காலியோடு மேடையிலிருந்து கீழே விழுந்தேன். வலது மணிக்கட்டு முறியும் சத்தம் எனக்கே கேட்டது.

எல்லோரும் கூச்சல் போட்டுக்கொண்டு நிற்க, வெல்டிங்காரர்தான் என் பக்கத்தில் மண்டியிட்டு, அந்த இதழையே சுருட்டி மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுத்துக் கைக்குட்டையால் கட்டினார். அதன் பிறகு வாடகைக் காரில் என் கையைத் தன் மடியில் வைத்தபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வழியில் நான் கேட்காமலே சொன்னார். ஆறு வருடம் முன்பு பட்டறைக் கூரை சரிந்து அவரும் அவருடைய அண்ணனும் ஒன்பது மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டார்களாம். கல்தோளன் எண்ணியதுபோல ஆயிரம் எண்ணுவோம், முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம் என்று அண்ணன்தான் சொன்னாராம்.

"மாத்தி மாத்தி எண்ணினோம் சார். ஏழாவது தடவை. நானூத்தி பன்னண்டு நான் சொன்னேன். நானூத்தி பதிமூணு அவன் சொல்லல" என்றார். பிறகு என் மணிக்கட்டில் தளர்ந்திருந்த கைக்குட்டையை மறுபடி இறுக்கிக் கட்டினார்.

மாவுக்கட்டு போட்ட பிறகு, நர்ஸம்மா அவிழ்த்துத் தந்த இதழை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதில் கனவு எதுவும் கிடையாது. கரையோர மக்கள் கடைசி ஆள் வரை தாண்டிப் போகிறார்கள். அடுத்த பக்கத்தில் கல்தோளன் வீட்டுக்கு வந்து தோளில் அப்பிய சேற்றைக் கழுவுகிறான். கனவில் தாங்கியவனுக்குச் சேறு ஒட்டாது. அந்தச் சேற்றை வரைந்தவன் நான்.

எழுதியவர் நீங்கள், மாற்றிச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லையா என்று இந்த வாக்குமூலத்தை வாங்கும் காவல் ஆய்வாளர் கேட்டார். அச்சாகிவிட்ட பிறகு நானும் படிக்கிறவர்களில் ஒருவன்தான், அதிலும் சரியாகப் படிக்காத ஒருவன் என்று பதில் சொன்னேன்.

வெல்டிங்காரர் என்னைத் தாக்கியதாகக் கூட்ட அமைப்பாளர் கொடுத்த புகார் சரியல்ல. அவரை நேற்று மாலை முதல் காவல் நிலையத்தில் வைத்திருக்கும் செய்தியை மருந்துக் கடைக்காரர்தான் இன்று காலை ஓடிவந்து சொன்னார். "புத்தகத்தைப் பிடுங்கினது நான் சார். அவனை விடச் சொல்லுங்க" என்று அழுதார். இப்போதும் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். யார் மீதும் நடவடிக்கை வேண்டாம். வெல்டிங்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருப்பதால் அவரைச் சீக்கிரம் விட்டால் நல்லது.

வாசகர் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் 'அது கனவு' என்று நான் சொன்னதாக எழுதியிருந்தால், அந்த வரியை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கல்தோளன் அணையைத் தாங்கினான்.

மேலே கண்டது முழுவதும் நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஒரு சொல்லும் கூடவோ குறையவோ இல்லை. வலது கை கட்டில் இருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.