வெளியே நில்

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. என் மூக்குக்கண்ணாடி மேல் சத்தியம். அது இல்லாவிட்டால் கரும்பலகை எது, சுவர் எது என்று எனக்குத் தெரியாது. ஆகவே அதன்மேல் பொய்ச்சத்தியம் செய்ய மாட்டேன் என்று நீங்கள் நம்பலாம். எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் பேனா மக்கர் செய்தால் என் சட்டைப்பையில் இன்னொன்று இருக்கிறது. சிவப்பு மைதான். வாத்தியாரிடம் வேறு என்ன இருக்கும்.

முதலில் அந்தப் பயிற்சியில் கொடுத்த பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஜாம் வைத்தது. எங்கள் பள்ளி அறிவியல் டீச்சர் எனக்கென்று ஒன்றைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். கொஞ்சம் நமுத்துப்போயிருந்தது, ஆனாலும் ருசியாக இருந்தது. பிறகு நடந்ததற்கும் பிஸ்கட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நல்லதை முதலில் சொல்லிவிட்டுக் குறைக்கு வர வேண்டும் என்பதுதான் அங்கே கற்றுக்கொடுத்த முதல் பாடம்.

நான் ஒரு சர்வதேசப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சர்வதேசப் பள்ளி என்றதும் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கேயும் பிள்ளைகள் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்றுதான் சொல்கிறார்கள். நல்ல உச்சரிப்பில் சொல்கிறார்கள், அவ்வளவுதான். என் வகுப்பு நான்காம் வகுப்பு பி பிரிவு. ஓய்வு வயது தாண்டியும் வருஷா வருஷம் எனக்கு அதை நீட்டித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "அந்த நாலு பி-ய விட்டா உங்களுக்கு மூச்சு நின்னுடுமாக்கும்" என்பாள் என் மனைவி. ஆமாம் என்பேன். அவள் சிரிப்பாள். நான் சிரித்ததில்லை.

இந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு. நகரத்தில் ஓர் ஆறுமாடிக் கட்டடம், அதன் உச்சியில் ஒரு பெரிய கூடம், மூன்று நாள் ஆசிரியர் பயிற்சி. நடத்துகிறவர் கடைசியில் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வார். அதை வைத்துத்தான் அடுத்த வருஷம் யாருக்கு எந்த வகுப்பு, யாருக்கு வகுப்பே இல்லை என்று முடிவாகும். எங்கள் முதல்வர் அம்மாவுக்கு என் இளைய மகளைவிட வயது குறைவு. என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சார், உங்களுக்கு எதுக்கு சார் இந்த ட்ரெய்னிங் எல்லாம். உங்க அனுபவத்துக்கு நீங்கதான் அவங்களுக்குச் சொல்லித் தரணும். நீங்க சிரமப்படாதீங்க."

பெரியவர்களிடம் அப்படித்தான் பேசுவார்கள். அவர் மரியாதைக்குச் சொன்னார். நானும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் பயிற்சிக்குப் போனேன்.

லிஃப்டில் கண்ணாடி இருந்தது. தலைமுடி நன்றாகவே படிந்திருந்தது. மேலே மேசையில் கழுத்தில் மாட்டும் பெயர் அட்டைகளைப் பரப்பியிருந்தார்கள். என்னுடையது இல்லை, அச்சடிக்கிற இடத்தில் விட்டுப்போயிருக்கும். ஒரு வெற்று அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள், அதிலும் ஒன்று குறைந்தது. நடைவழியிலிருந்து ஒன்றை இழுத்துவந்து, அறிவியல் டீச்சருக்கும் பி.டி. மாஸ்டருக்கும் நடுவே, அவர்கள் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தேன். காற்றோட்டமான இடம்.

பயிற்சியாளர் இளைஞர். பளபளக்கும் ஷூ, அதற்குள் காலுறை இல்லை. வாயைத் திறந்தாலே, "எல்லாரும் வட்டமா உட்காரலாமா? இங்க முதல் வரிசை, கடைசி வரிசைன்னு எதுவுமே கிடையாது" என்பார். தேநீர் இடைவேளைக்குள் பி.டி. மாஸ்டர் அவருக்கு 'வட்டம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

வட்டம் கெட்டவர் இல்லை. அதை நீங்கள் தனியாக அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவர் சொன்ன ஒன்றுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளையை வெளியே நிற்க வைப்பது காட்டுமிராண்டித்தனம் என்றார். ஐயா, இத்தனை வருஷத்தில் நான் ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. வெளியேதான் நிற்க வைப்பேன். கொஞ்ச நேரம்தான், பிறகு கூப்பிட்டுவிடுவேன். பாடமே அந்தக் கூப்பிடுவதில்தான் இருக்கிறது. வெளியே நிற்கிற பிள்ளை கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். கூப்பிட்டதும் அந்த முகம் எப்படி ஆகும் என்று காலுறை போடாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

வெள்ளைப் பலகையில் பச்சை மார்க்கரால் வட்டம் இரண்டு விதிகள் எழுதினார். கவனத்தை இழுப்பதற்காகப் பிள்ளை செய்யும் சேட்டையைக் கண்டுகொள்ளாதே, சிரித்த முகத்துடன் உன் வேலையைத் தொடர் என்பது ஒன்று. நடித்துக் காட்டும் பயிற்சியில் வேஷம் போட்டவர், ஆசிரியராக நடிப்பவர் 'போதும்' என்று சொல்லும்வரை வேஷத்தைக் கலைக்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டும் அவருடைய விதிகள். நான் ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை.

அந்தத் தேநீர் இடைவேளையில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அறிவியல் டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "நாலு பி-க்குப் புதுசா ஒரு பொண்ணு வருதாம் சார்."

"அப்போ நான்?"

அவர் பி.டி. மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தன் கோப்பையைப் பார்த்தார். "சார், நீங்க பிஸ்கட் எடுத்துக்கோங்க" என்றார் மாஸ்டர்.

எடுத்துக்கொண்டேன். அதுதான் நான் முதலில் சொன்ன பிஸ்கட்.

மதியத்துக்கு மேல் நடித்துக் காட்டும் பயிற்சி. வட்டம் கையைத் தட்டினார். "இப்ப நான்தான் இந்த வகுப்புலயே ரொம்ப வாலு. என்னைச் சமாளிக்க டீச்சரா யாரு வர்றீங்க?" எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். இது பிள்ளைகள் செய்வதுதான், டீச்சர்களும் விதிவிலக்கல்ல. நான் எழுந்தேன்.

நன்றாகவே நடித்தார். பூனை மாதிரி கத்தினார், காகிதத்தை உருட்டி மாஸ்டரின் வழுக்கையில் எறிந்தார், மார்க்கர் மூடியை மூக்கில் மாட்டிக்கொண்டு ஆடினார். அவருக்குள் ஒரு நல்ல சேட்டைக்காரன் இருந்தான். வேறு நாளாக இருந்தால் எனக்கு அவனைப் பிடித்துப்போயிருக்கும்.

"எழுந்திரு. வெளியே போய் நில்" என்றேன்.

"சார், அதைத்தானே காலையில பேசினோம், அது பழைய…"

"இப்ப பேசறது பையனா, பயிற்சியாளரா?"

கூடம் முழுக்கக் கைதட்டல். வட்டம் கைப்பேசியை மேசையிலேயே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். கூடத்துக்குப் பின்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கு அப்பால் மொட்டைமாடி, ஒரு தண்ணீர்த் தொட்டி. "தொட்டிச் சுவரைப் பார்த்து நில்லு. கூப்பிடும்போது வந்தா போதும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அது தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. சாவி பக்கத்து ஆணியில் தொங்கியது. தொங்குகிற பொருள் கீழே விழுந்துவிடும் என்று எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் மறந்துவிட்டேன் ஐயா. வயது அப்படி.

முதலில் அவர் மெதுவாகக் கதவைத் தட்டினார். வட்டத்தில் இருந்தவர்கள் சிரித்த முகத்துடன் வேலையைத் தொடர்ந்தார்கள். பிறகு பலமாகத் தட்டினார், கத்தினார், கண்ணாடியில் நெற்றியை வைத்து எங்களையே பார்த்தார். "எவ்ளோ தத்ரூபமா பண்றாரு பாருங்களேன், எங்க ஏழாம் வகுப்புல ஒருத்தன் இதே மாதிரிதான்" என்று வியந்தார் அறிவியல் டீச்சர். மாஸ்டருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. இளகின மனுஷன்.

"சார், தொறந்து விட்டுடலாமா? ஆளு நடுங்கறாரு."

"கண்டுக்காதீங்க மாஸ்டர். இன்னிக்கு எடம் குடுத்தா நாளைக்கும் இதையேதான் பண்ணுவான்."

மாஸ்டர் பலகையில் இருந்த முதல் விதியை ஒருமுறை படித்துவிட்டு, சிரித்த முகத்துடன் உட்கார்ந்தார். சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போனோம். அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. பள்ளிகள் ஆளுக்கொரு பக்கம் பஸ் அனுப்பியிருந்தன, யாரும் நனையவில்லை. நான் 'யாரும்' என்றது பங்கேற்பாளர்களை.

மறுநாள் போனபோது வட்டம் புது உத்தி ஒன்றைக் கையாண்டிருந்தார். பையில் மஞ்சள் ஒட்டுச்சீட்டுக் கட்டு வைத்திருப்பார் போல. ஒவ்வொன்றிலும் 'தயவுசெய்து' என்று எழுதிக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டியிருந்தார். ஈரத்தில் மை பரவியிருந்தது, இருந்தாலும் கையெழுத்து அழகு. அதற்கு எப்படிப் பதில் தருவது என்று குழுக்களாகப் பிரிந்து விவாதித்தோம். பிறகு 'உன் உணர்வு எங்களுக்குப் புரிகிறது' என்று எழுதி, அவருக்குத் தெரிகிற மாதிரி உள்பக்கம் ஒட்டினோம். அதுவும் அவர் சொல்லிக்கொடுத்த வாக்கியம்தான். அவர் அதை நெடுநேரம் படித்தார். அவ்வளவு நேரம் படிக்க அதில் ஒன்றுமில்லை.

இதற்கிடையில் பயிற்சியை யாராவது நடத்த வேண்டுமே. நான் நடத்தினேன். முதல் வேலையாக நாற்காலிகளை வரிசையாகத் திருப்பிப் போட்டேன். அந்த ஆசிரியர்களின் முகத்தில் எவ்வளவு நிம்மதி தெரியுமா. கடைசி வரிசை கிடைத்ததும் மாஸ்டர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். பின்னம் சொல்லிக்கொடுத்தேன், ஒரு ரொட்டியை எட்டாக நறுக்கி. வேறு பள்ளி டீச்சர் ஒருவர் எழுந்து, "இவ்வளவு நாள் எங்க சார் இருந்தீங்க?" என்றார். அதை என்னிடம் யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக இருந்தது.

மூன்றாம் நாள் கதவுப் பக்கம் சத்தமே இல்லை. தட்டல் இல்லை, சீட்டு இல்லை. பயிற்சி முடிவில் எல்லோரும் அந்தச் சேட்டைக்காரப் பையனைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். அத்தனை பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: நடத்தையில் நல்ல முன்னேற்றம்.

கூட்டம் கலைந்த பிறகு நான் கதவைத் திறந்தேன். தொட்டிக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு, நான் சொன்ன சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குழாய் அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. "போதும், உள்ளே வா" என்றேன். நல்ல பிள்ளைகள் முதல் அழைப்புக்கே ஓடிவரும். மறுபடி கூப்பிட்டேன். கொஞ்சம் அன்பாகக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடி மடியில் கிடந்தது. கைக்குட்டையால் துடைத்து மாட்டிவிட்டேன். கண்ணாடி இல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

குழாயையும் இறுக்கி மூடினேன். தண்ணீர் வீணாகக் கூடாது.

ஐயா, மேலே நான் 'மறந்துவிட்டேன்' என்று சொன்ன வரியை அடித்துவிடுங்கள். சிவப்பு மையாலேயே அடியுங்கள், தெளிவாக இருக்கும். சாவி மூன்று நாளும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. குனியும்போதெல்லாம் நெஞ்சில் குத்தியது. மழை பெய்தபோது படுக்கையில் கண் விழித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். "தூக்கம் வரலையா?" என்றாள் மனைவி. "ஒருத்தன் வெளியே நிக்கறான்" என்றேன். "கூப்பிட்டுடுங்களேன்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவ்வளவு சுலபமான காரியம். நான் கூப்பிடவில்லை.

நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். கோபத்தில் செய்யவில்லை, கோபம் இருந்தால் அடித்திருப்பேன், எனக்கு அடிக்கிற பழக்கம் கிடையாது. ஒருவனை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே எல்லோரும் சிரித்த முகத்துடன் வேலையைத் தொடர்ந்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்கு யாராவது ஒருவர் பாடம் நடத்தியிருக்க வேண்டும். நாலு பி என்னுடையது. இதற்குமேல் காரணம் சொன்னால் அது சாக்குப்போக்காகிவிடும், சாக்குப்போக்குக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒரு சின்ன விவரம் விட்டுப்போயிற்று, வாக்குமூலம் முழுமையாக இருக்கட்டுமே என்று சொல்கிறேன். என்னைத் தவிர மற்ற எல்லோரையும் பயிற்சிக்கு அனுப்பிவிட்டதால், அந்த மூன்று நாளும் எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் பள்ளி அரங்கில் ஒன்றாக உட்காரவைத்துக் காவல் இருந்தது நான்தான். அறிவியல் டீச்சர் காகிதத்தில் சுற்றிய பிஸ்கட்டைக் கொண்டுவந்து கொடுத்ததும் அங்கேதான்.