பிளாஸ்திரி ஒட்டிய பொத்தான்

— முடியாதுங்க ரூபன் சார். இது பழைய முன்னூத்தி எம்பத்தாறு கம்ப்யூட்டரு. விண்டோஸ் தொண்ணூத்தஞ்சு போட்டா மூச்சு முட்டிரும்.

— அட்டைப்பொட்டி மேல நாலு எம்.பி. ரேம் போதும்னு போட்டிருக்குங்க சாஜிதா. இதுல நாலு இருக்கு.

— போடுவாங்க, அவங்களுக்கென்ன! இது தொறக்கறதுக்குள்ள பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் நடந்து போயி டீ குடிச்சுப்போட்டு வந்தரலாம்.

— குடிச்சுக்கறேன். போடுங்க.

— அப்படியென்னங்க அவசரம்?

— திங்கக்கெழமை மில்லு லைன் வீட்டுப் புள்ளைங்க ஆறு பேரு கிளாசுக்கு வருது. தொண்ணூத்தஞ்சு சொல்லித்தாரேன்னு கிருபா வாக்குக் குடுத்திருக்கா. ரெண்டு புள்ளைக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ.

— கிருபா மேடம் சொன்னா வீட்டுக்காரருக்கு ஏது மறுபேச்சு. ஆனா டிஸ்க்குல எடமே இல்லீங்களே. பூராவும் அவங்க அடிச்ச கல்யாணப் பத்திரிகை.

— அழிச்சுருங்க.

— மேடத்தைக் கேக்காமயா? ஊருக்குப் போயிருக்காங்களா?

— ‘பாடம்’னு ஒண்ணு இருக்கும். அதை மட்டும் உட்டுருங்க.

— ஏனுங்க, இன்னும் தொண்ணூத்தஞ்சே போடல. அதுக்குள்ள பாடம் எழுதிட்டாங்களா!

— புஸ்தகத்தைப் பாத்து எழுதுனா. அஞ்சு பாடம்.

— மேடம் மேடந்தான்! இந்தாங்க, மொத பிளாப்பி உள்ள போயிருச்சு. மொத்தம் பதிமூணு.

— தெரியும். உக்காருங்க.

— ஒரு மணி நேரமாச்சு, மூணாவதுலயே நிக்குது. எங்கியோ தப்பு. ஏனுங்க, பொட்டி முன்னாடி வேக நம்பரு பதினாறுன்னு காட்டுது? முப்பத்துமூணுல்ல காட்டோணும்! வேகத்தைக் கூட்டற டர்போ பொத்தான் அமுத்தலீங்களா?

— வாங்குன நாள்ல இருந்து அமுத்துனதில்லீங்க.

— அட ஆண்டவா! அஞ்சு வருசமா பாதி வேகத்துலயா ஓட்டுனீங்க? பொத்தான் எங்க, காணோம்?

— பிளாஸ்திரிக்கு அடியில. அமுத்துனா சூடேறி வெடிச்சுரும்னு கிருபா ஒட்டி வெச்சா.

— ஓ, இதுதானா! போன வருசம் மவுசு மாத்த வந்தப்ப இதைத் தொட்டுப்போட்டு நான் வாங்குன திட்டு இருக்கே! பேனாவுல ‘தொடாதே’ன்னு வேற எழுதிட்டாங்க.

— அவ கையெழுத்துதான்.

— இதை உரிக்காம திங்கக்கெழமைக்கு ஆகாதுங்க.

— வேற வழி இல்லீங்களா?

— நல்லா இருக்குதுங்க! அஞ்சு வருசப் பத்திரிகையை ஒரே வார்த்தையில அழிக்கச் சொன்னீங்க. ஒரு பிளாஸ்திரிக்குப் போயி இந்த யோசனை!

— உரிச்சா எழுத்துக் கிழிஞ்சுருமுங்க.

— நான் தொடமாட்டேனுங்க சார். மேடமே வந்து உரிக்கட்டும். எப்ப வாராங்க?

— நகருங்க சாஜிதா, நானே உரிக்கறேன். அவ போய்ச் சேந்து நாப்பது நாளாச்சு.