கண்ணாடியில் வைத்த பொட்டு

“அந்த மிஷினுக்குக் கண்ணத் தொடச்சுவிட்டதே நாந்தான்.”

போடியிலிருந்து தேனி போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் இருந்து வந்தது இந்தக் குரல். இரண்டு பெண்கள். ஏலக்காய் குடோனில் காய் பொறுக்கித் தரம் பிரித்தவர்கள். இப்போது அந்த வேலையை மிஷின் செய்கிறது. பழனிசெட்டிபட்டியில் ஒரு துணிக்கடையில் கூட்டித் துடைக்க ஆள் கேட்கிறார்களாம், அங்கேதான் போகிறார்கள்.

“என்னக்கா சொல்ற?” என்றாள் இளையவள்.

“மிஷின் வந்து எறங்குன அன்னைக்கு மொதலாளி என்னையத்தான பூசை போடச் சொன்னாக. சுத்திச் சந்தனப் பொட்டு வச்சேன். காயப் பாத்துப் பிரிக்கிற கேமராவக் கண்டேனா, பளபளன்னு இருந்த கண்ணாடியிலயும் ஒண்ணு வச்சுப்புட்டேன்.”

“அதுக்குத்தான் நல்ல காயெல்லாம் கழிவுல தள்ளுச்சா?”

“ஆமா. மொதலாளி கடுப்பாகி, இது வேணாம், திருப்பி லாரியில ஏத்துங்கன்னுட்டாக. நம்மளத் திரும்பச் சொளகு எடுத்துக் கையால பொறுக்கச் சொன்னாகள்ல.”

“பெறகு?”

“பொட்டு இருந்தது அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. முந்தானையால தொடச்சுவிட்டேன். சரியாப் போச்சு.”



“பேசாம இருந்திருக்கலாம்லக்கா.”

“நல்ல பச்சைக் காயி, கழிவுல விழுந்துக்கிட்டே இருக்கு. அதப் பாத்துக்கிட்டு என்னால கையச் சும்மா வச்சிருக்க முடியலடி.”

நடத்துநர் பழனிசெட்டிபட்டி என்று குரல் கொடுத்தார். இருவரும் எழுந்தார்கள். பையை எடுத்துக்கொண்டே இளையவள் சொன்னாள்:

“இப்பக் கை சும்மாதான இருக்கு.”