மண்டி மேசை

விழாவின் தலைவர், எங்கள் பிள்ளைகளின் காதைத் திருகித் திருகியே கல்வியை ஊட்டிய தலைமையாசிரியர் ராஜவேலு அவர்களே! சங்கத்தைச் சுமந்து சுமந்து தோள் தேய்ந்த எங்கள் தலைவர் அண்ணன் சாலமோன் அவர்களே! உலைச் சூட்டில் உரமேறிய உழைப்பின் உருவங்களே! பழவேற்காட்டிலிருந்து வலையை உலரப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் உறவுகளே! மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் ஏந்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கும், என்னைப் பெறாமல் பெற்ற தாய்மார்களே! வார்ப்பட ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளன் அருணகிரி உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நம் ஆலை மருத்துவர் டாக்டர் வீரராகவன் அவர்கள் நாளையோடு ஓய்வு பெறுகிறார். அவரைப் பாராட்டிப் பேசு என்றார்கள். எதைப் பேசுவேன்? காய்ச்சலுக்கு ஊசி போட்டதையா? இரும்புக் குழம்பு தெறித்த கால்களுக்குக் கட்டுப் போட்டதையா? அதையெல்லாம் எனக்கு முன்னே பேசியவர்கள் மிச்சம் வைக்காமல் பேசிவிட்டார்கள். ஆகவே, எந்த மேடையும் ஏற்றாத ஒன்றை இந்த மேடையில் ஏற்றப் போகிறேன். ஆசனவாய் வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிறார்களே, அந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசப் போகிறேன்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! தாய்மார்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார்கள். தலைவர் அவர்களே, அதற்குள் மணியில் கை வைக்காதீர்கள்! கண்ணைப் பாடாத புலவன் உண்டா? இதயத்தைப் பாடாத கவிஞன் உண்டா? குடலைப் பாட மட்டும் ஒருவனும் வேண்டாமா? கொடுத்ததையெல்லாம் வாங்கி, குறை சொல்லாமல் உழைத்து, விடுப்பும் கேட்காமல் விருதும் கேட்காமல் இருட்டிலே கிடக்கிற குடல் நம் இனமல்லவா, தோழர்களே!

அறுபத்தெட்டாம் ஆண்டுக்குப் போவோம், வாருங்கள். ரயிலை விட்டு இறங்கினால் நம் ஆலையின் புகைபோக்கி ஒன்றுதான் தெரியும். சுற்றிலும் வயலும் வரப்பும். சோழவரத்தில் கார் பந்தயம் என்றால் ஒரு சைக்கிளில் மூன்று பேர் தொற்றிக்கொண்டு போவோம். ஒரு டீயை வாங்கி இரண்டு கிளாசில் ஊற்றிக் குடித்தோமே, நினைவிருக்கிறதா? ஆலை கேட்டுக்கு எதிரே இருந்த அந்த டீக்கடையும் போயிற்று, அதன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நம் தலைகளின் கருப்பும் போயிற்று.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் உலைக்காரன் கலியன். அதோ உட்கார்ந்திருக்கிறான். பயப்படாதே கலியா, உன்னிடம் அனுமதி வாங்கித்தானே பேசுகிறேன்! உன் மனைவி பச்சையம்மாவிடமும் வாங்கிவிட்டேன். அதுதான் சற்றுச் சிரமமாக இருந்தது.

கலியனுக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போனது. வெட்கத்தில் மறைத்தான். பட்டும் படாமலும் யாரிடமாவது கேட்டால் என்ன பதில் வரும்? சூடு! உலை முன்னே நிற்கிறவனுக்கு உடம்பு சூடாகாமல் பனிக்கட்டியா கட்டும் என்பார்கள். மோர் குடித்தான், நிற்கவில்லை. வெந்தயம் விழுங்கினான், நிற்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தான். ரத்தமும் தவறாமல் வந்தது. ஆள் பாதியாக இளைத்துப் போனான். ஒருநாள் துவைக்கப் போட்ட வேட்டியில் கறையைப் பார்த்த பச்சையம்மா, பெரியபாளையத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, கையோடு புருஷனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் வந்தாள்.

"இது சூடு இல்லப்பா. உள்ள பாத்தாகணும். விட்டா ஆபத்து" என்றார் டாக்டர். சென்னையிலிருந்து அவர் வாங்கி வந்திருந்த எஃகுக் குழாய். முனையில் சின்ன பல்பு. காற்றடிக்க ஒரு ரப்பர் உருண்டை. "மேசை மேல ஏறி மண்டி போடு. முழங்கைய ஊனி தலைய கீழ வை" என்றார். அவ்வளவுதான், வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு வெளியேறிவிட்டான் கலியன்.

இங்கே சிரிக்காதீர்கள், தோழர்களே. கலியனின் தகப்பனார் பண்ணையில் கூலிக்கு நின்றவர். அங்கே தண்டனை என்றால் என்ன தெரியுமா? களத்துமேட்டில், கொளுத்தும் வெயிலில், பெற்ற பிள்ளை பார்க்க மண்டி போட வைப்பார்கள். பார்த்து நின்ற பிள்ளைதான் கலியன். இனி எவன் முன்னும் என் முட்டி தரையில் படாது என்றுதான் அவன் ஏரை விட்டு ஆலைக்கு வந்தான். நம்மில் எத்தனை பேர் அப்படி வந்தோம்? கையைத் தூக்குங்கள் என்றால் இந்தப் பந்தலே கையாகிவிடும்!

"டாக்டரு என்னிய மண்டி போட சொன்னாருப்பா" என்றான் கலியன். ரத்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை உலைக்களத்தைத் தாண்டுவதற்குள் 'தொழிலாளியை மண்டி போட வைத்தார் டாக்டர்' ஆயிற்று. சங்கு ஊதுவதற்குள் 'மேனேஜர் உத்தரவு' ஆயிற்று! ஷிப்டு முடிந்தவன், ஷிப்டுக்கு வந்தவன், எல்லாரும் கேட்டில் கூடிவிட்டார்கள். டீக்கடை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை. "முட்டியை மடக்க மாட்டோம்! முதுகை வளைக்க மாட்டோம்!" என்று முழங்குகிறார் அண்ணன் சாலமோன். பக்கத்தில் மைக்கைத் தாங்கி நிற்கிறேன் நான்.

அப்போது ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் டாக்டர். "மன்னிப்பு கேளு!" என்று கூட்டம் கூவியது. அவர் சாலமோனைப் பார்த்து, "நான் மேல வரலாமா?" என்று கேட்டார். செருப்பைக் கழற்றினார். ஏறினார். ஆறடி உயர மனிதர், வெள்ளைக் கால்சட்டையோடு, அத்தனை பேர் முன்னிலையில், அந்த டீக்கடை பெஞ்சில் மண்டியிட்டார். முழங்கைகளை ஊன்றினார். தலையைப் பலகையில் வைத்தார்.

கூடூர்ப் பக்கம் போகிற கூட்ஸ் வண்டியின் சத்தம் மட்டும் கேட்டது. "அருணகிரி, மைக்கக் கீழ கொண்டாப்பா" என்றார். உட்கார்ந்து வாயருகே பிடித்தேன்.

"இப்படித்தான் இருக்கச் சொன்னேன். குடல் வளைஞ்சு போற பாதை. இப்படி இருந்தா வயிறு முன்பக்கமா தொங்கும், காத்து உள்ள போயி வழி திறக்கும், குழாய் நோகாம போகும். வேற காரணம் ஒண்ணும் கிடையாது."

"மேனேஜரு வந்தா சேர் போடுவியா?" என்று ஒரு குரல் கேட்டது.

"யார் வந்தாங்கன்னு சொல்ல மாட்டேன். நீ வந்தாலும் சொல்ல மாட்டேன். ஆனா அந்த மேசையில ஏறினா எல்லாருக்கும் மண்டிதான். நான் ஏறினப்பவும் மண்டிதான் போட்டேன்."

சொல்லி முடித்த பிறகும் அவர் எழவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் பச்சையம்மா.

"யோவ்! ரத்தம் உனுக்கு போவுதா, அவருக்கு போவுதா? அந்த மனுசன் எம்மாநேரம் முட்டி போட்டுக்கினு கெடப்பாரு? இன்னாய்யா பாத்துக்கினு கீற? எனுக்கு நீ வோணும்யா!"

ரத்தமா? கூட்டமே கலியனைத் திரும்பிப் பார்த்தது. கலியன் தலையைத் தொங்கப் போட்டபடி வந்தான். பெஞ்சருகே நின்று டாக்டரின் தோளைப் பிடித்துத் தூக்கினான். "ஏந்திரு சார். நான் வரேன்" என்றான். அவன் குரல் உடைந்ததை அன்று மைக்கே எல்லாருக்கும் சொல்லிவிட்டது.

குழாய் உள்ளே போனது. சுண்டைக்காய் அளவில் ஒரு சதை வளர்ச்சி இருந்தது. சென்னைப் பெரியாஸ்பத்திரியில் அதை எடுத்தார்கள். இன்னும் புற்றாக மாறவில்லை, விட்டிருந்தால் மாறியிருக்கும், ஆளை உருக்கியிருக்கும் என்றார்கள். பச்சையம்மா பெரியபாளையத்தில் வேப்பிலையால் ஆன வேப்பஞ்சேலை கட்டி நேர்த்திக்கடனை முடித்தாள். குழாய் எப்படி இருந்தது என்று கலியனைக் கேட்டோம். "நோவல நைனா. செத்த நேரம் பேஜாரு, அவ்ளோதான்" என்றான்.

அதற்குப் பிறகு அந்த மேசைக்கு மண்டி மேசை என்றே பெயர் வந்தது. டீக்கடையில் எவனாவது "சூடுப்பா" என்று இழுத்தால், "மண்டி போட்டியா?" என்று நாலு பேர் கேட்பார்கள். அடுத்து அதில் ஏறியவர் யார்? டாக்டரே சொல்லவில்லை, நான் எப்படிச் சொல்வேன்? அண்ணன் சாலமோன் எதற்காகக் குனிந்து செருப்பைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியாது!

டாக்டர் அவர்களே, அந்த டீக்கடையை இடித்தபோது ஒரு பெஞ்சை மட்டும் நாங்கள் எடுத்து வைத்துக்கொண்டோம். இதோ, மேடைக்கு வந்துவிட்டது! இப்போது உங்களுக்கு மாலை போட வேண்டும். போடப் போகிறவன் கலியன். நீங்களோ நெட்டை, அவனோ குட்டை. ஊர் வழக்கப்படி மாலைக்கு நீங்கள்தான் குனிய வேண்டும்.

வேண்டாம், டாக்டர்! நிமிர்ந்து நில்லுங்கள்! முட்டி வலிக்கு நீங்களே மாத்திரை விழுங்குவது எங்களுக்குத் தெரியும். மண்டியிட மறுத்தவர்களுக்காக ஒரு நாள் மண்டியிட்டீர்கள். அது எங்கள் ஆயுளுக்கும் போதும். இந்த மண்ணில் இனி மாலைக்காகக்கூட உங்கள் தலை குனிய நாங்கள் விட மாட்டோம்.

கலியா, பெஞ்சு மேல ஏறு!

ஏறிவிட்டான். பச்சையம்மா, அழாதே அம்மா, நன்றாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார். பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், சிரித்தும் கலங்கியும் என்னோடு வந்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மாலை கழுத்தில் விழுகிறது, கைதட்டல் வானைத் தொடட்டும். வணக்கம்!