வெறுங்கிண்ணம்

கொய்யா காய்த்துத் தள்ளினால் ஒரு வீட்டில் தின்று தீர்க்க முடியாது, ஐயா. அதனால்தான் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன்; மெதுவாகத்தான் வரும்.

நான் காத்தவராயன். விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வேலை. பக்கத்து வீட்டில் பானுமதி அம்மா தனியாக இருக்கிறார். ஒரு ஆடும் எலுமிச்சை மரமும்தான் துணை. என் மனைவி கொளஞ்சியம்மாள் கிண்ணம் நிறையக் கொய்யா கொண்டுபோவாள். கிண்ணம் எலுமிச்சம்பழத்தோடு திரும்பும். ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் தெருவில் வழக்கமில்லை.

நல்ல பழமாகப் பார்த்து நானே பறிப்பேன். அணில் கடித்தது எங்களுக்கு. "கல்கண்டாட்டம் இருந்துச்சு தம்பி" என்பார் அந்த அம்மா.

ஒருநாள் மதியமே வீடு திரும்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம், புல்லுக்கட்டு போட வந்த வீரம்மாளிடம் அவர் பேசுவது கேட்டது.

"கொய்யா அத்தனையும் ஆட்டுக்குப் போட்டுடு. கேட்டா ருசியா இருந்துச்சுன்னு சொல்லிக்கறேன்."

இருவரும் சிரித்தார்கள். நான் சண்டைக்குப் போகவில்லை. கை கால் கழுவிவிட்டுச் சாப்பிட்டேன்.

ஊறுகாய்க்கு ஒரு ஜாடி வேண்டும் என்று அவர் வெகுநாளாகக் கேட்டிருந்தார். செய்தேன். சூளைக் கொட்டகை மூலையில் ஈயம் கலந்த பழைய பளபளப்புப் பூச்சு கிடந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அது ஆகாது, புளிப்பு பட்டால் விஷம் இறங்கும் என்று மேஸ்திரி எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அதைத்தான் ஜாடியின் உள்ளே பூசினேன்.

"என்னா பளபளப்பு தம்பி, மூஞ்சியே தெரியுது" என்று வாங்கிக்கொண்டார்.

அடுத்த முறை கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாய் வந்தது. கொளஞ்சி பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டாள்.

"அதத் தின்னாத" என்றேன்.

"ஏன், அவங்க வூட்டு ஊறுகான்னா ஒனக்கு ஆவாதா? கொய்யா மட்டும் பொறுக்கிப் பொறுக்கிக் குடுக்கற?"

காரணம் சொன்னால் ஜாடி வெளியே வந்துவிடும். ஒரு துண்டு என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டேன். கிண்ணம் வந்துகொண்டே இருந்தது. கொளஞ்சிக்கு வயிற்று வலி வந்தது. பிறகு மணிக்கட்டு தொங்கிப்போய்க் கிண்ணத்தைப் பிடிக்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எப்போது முனகல் கேட்கும் என்று நான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கொளஞ்சி செத்து, அவளை எடுத்த அன்று பானுமதி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எனக்கு பிரஷரு தம்பி, உப்பு ஆவாது. பல்லும் போச்சு, நீ குடுத்த கொய்யாவக்கூட கடிக்க முடியல. ஒன் மனசு நோவுமேன்னு சொல்லல. கொளஞ்சி ஆசையா திங்குதேன்னு ஜாடியில போட்டதெல்லாம் அதுக்குத்தான் குடுத்தேன்."

ஆஸ்பத்திரியில் கொளஞ்சியின் ரத்தத்தில் ஈயம் இருந்தது என்றார்கள். ஸ்டேஷனிலிருந்து நீங்கள் ஜாடியைத் தேடி வந்தீர்கள்.

பூசியது நான். தெரிந்தேதான் பூசினேன். அவள் தின்றதைத் தெரிந்தேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒருநாளாவது அந்தக் கிண்ணத்தை வெறுமையாக அனுப்பியிருந்தால் கொளஞ்சி பிழைத்திருப்பாள். பானுமதி அம்மா பெயரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா.